பார்க்கலாங்க என்றால் வேண்டாம் என்று அர்த்தம்

மாமா,

இன்று சாயங்காலம் நம் வாசலில் தார் காய்ச்சினார்கள், புதுப் பரிசலின் அடியில் பூசுவதற்கு. வாசனை உள்ளே வந்ததும் அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். நீங்கள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அடுத்த பரிசல். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதைச் சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை. எல்லோரும் தூங்கின பிறகு அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் உங்களுக்கு எழுதுகிறேன். அப்பாவின் கட்டில் சத்தம் கேட்டால் மூடிவிடுவேன்.

பவானிக்கு மேலே, காவிரி நடுவில் இருக்கும் அந்த இடத்தை நாம் திட்டு என்றுதான் சொல்லுவோம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வெள்ளை மணல். சினிமாக்காரர்களை வரவழைக்கலாம் என்று அப்பாவுக்குத் தோன்றிய நாளிலிருந்துதான் அது தீவு ஆனது. கோயம்புத்தூரிலிருந்து ட்ரோன் வைத்திருப்பவரைக் கூட்டிவந்து மேலிருந்து படம் எடுத்தார். படத்தில் தண்ணீரை நீலமாக மாற்றினார்கள். வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், ஈரோட்டுக்கு ரயில் ஏறினால் போதும் என்று எழுதி, சென்னைக் கம்பெனிகளுக்கெல்லாம் அனுப்பினார். ஒரு படத்தில் நீங்கள் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டுத் துடுப்போடு உட்கார்ந்திருந்தீர்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

“ஜாக்கெட்டக் கழட்டு மாப்ள. தீவுன்னா பாத்ததும் ஆசை வரோணும். பயம் வரக் கூடாது.”

நீங்கள் சிரித்துக்கொண்டே கழற்றினீர்கள். ஏன் மாமா சிரித்தீர்கள்?

முதலில் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்க வந்தார்கள். அப்புறம் ஒரு சோப்பு விளம்பரம். அப்புறம் பாட்டு எடுக்க ஒரு சினிமாக் கம்பெனி. எனக்கும் அதெல்லாம் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆடுகிறவர்களின் ஜரிகைப் பாவாடையை நான் பார்த்துக்கொண்டே நின்றபோது, “வாய மூடு அம்மணி, ஈ பூந்துரப் போவுது” என்று நீங்கள் சொல்லி அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றைக்கும் உங்கள் மேல் கோபப்பட்டேன். அது வேறு கோபம்.

அந்த வியாழக்கிழமை மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. மறுநாள் காலையில் ஷூட்டிங் வைக்கலாமா என்று கம்பெனி மேனேஜர் கேட்டிருந்தார். போனில் உங்களுக்கு எழுத வராது, நான்தான் உங்கள் கை. நீங்கள் ஆற்றைப் பார்த்தீர்கள். “பார்க்கலாங்கன்னு அடிச்சு உடு கண்ணு” என்றீர்கள்.

எனக்குப் புரிந்தது. நம் பக்கத்தில் யாருக்குத்தான் புரியாது? போன வருஷம் சித்தி மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் சித்தப்பா இதே வார்த்தையைச் சொன்னார். அவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய் வேறு இடம் பார்த்தார்கள். இருந்தாலும் எனக்கு என்னவோ போல் இருந்தது. வேண்டாம் என்றே அடித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“நம்பிக் கேக்கறவங்க கண்ணு. மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லலாமா?”

மேனேஜர் சென்னைக்காரர். அவருக்கு அது சரி என்ற மாதிரி கேட்டிருக்கிறது. காலை ஆறு மணிக்கு இரண்டு வேன் வந்து நின்றது.

அப்போதாவது முடியாது என்று சொல்லியிருக்கலாம். தண்ணி வேகமா இருக்குதுங்க மச்சான் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னீர்கள். இத்தனை தூரம் வந்துபோட்டாங்க, இன்னைக்குத் திருப்பி அனுப்பினா இனி ஒருத்தனும் இந்தப் பக்கம் வரமாட்டான், எடு பரிசலை என்றார் அப்பா. நான் பக்கத்தில்தான் நின்றேன். இருந்த ஜாக்கெட்டுகளையெல்லாம் ஆட வந்த பெண்களுக்குக் கொடுத்து, இரண்டு நடையில் அவர்களைத் திட்டில் கொண்டுபோய் விட்டீர்கள். மூன்றாவது நடை கேமராப் பெட்டிகளோடு நீங்கள் மட்டும். பரிசல் இரண்டு சுற்றுச் சுற்றியது. அடுத்த நாள் மத்தியானம்தான் உங்களைக் கொண்டுவந்தார்கள்.

போலீஸிடம் மேனேஜர் போனை நீட்டினார். அவரே சம்மதித்திருக்கிறார் பாருங்கள் என்றார். நான் அடித்த வார்த்தை, உங்கள் பெயருக்குக் கீழே. மற்றவர்கள் தடுத்தும் அவராகவே போனார் என்று எழுதிக்கொண்டார்கள். அப்பா தலையாட்டினார்.

மறுபடியும் ஷூட்டிங்குக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால் விசாரிக்க, தாலுகா ஆபீஸிலிருந்து நாளை வருகிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா என் தட்டில் தோசை வைத்தார். எனக்கு அவர் பரிமாறி நான் பார்த்ததே இல்லை.

“நீதான மெசேஜ் அடிச்சவ. கேட்டா, மாமா வாரேன்னுதான் சொன்னாருன்னு சொல்லிப்போடு கண்ணு. அவ்வளவுதான்.”

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அப்பா மேல் கோபம். மேனேஜர் மேல் கோபம். ஒரு வார்த்தையைக் கூடுதலாக அடிக்காத என் விரல் மேல் கோபம். எல்லாவற்றையும் விட உங்கள் மேல்தான் மாமா. யாருடைய முகமும் வாடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, எங்கள் முகத்தையெல்லாம் என்ன செய்துவிட்டுப் போனீர்கள்?

ஆனாலும் உங்களுடைய ‘ங்க’ என் வாயிலிருந்து போகாது. நாளைக்கும் மரியாதையாகத்தான் பேசுவேன். இப்படி: சார், அத அடிச்சது நானுங்க. எங்க ஊர்ல அதுக்கு வேண்டாம்னு அர்த்தமுங்க. எங்க மாமா வேண்டாம்னுதான் சொன்னாருங்க. போகச் சொன்னது எங்கப்பாங்க.

இந்தக் கடைசி வரியை மட்டும் நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அடித்துவிட்டேன். இது ஐந்தாவது. நாளை வாயால் சொல்லிவிட்டால் அடிக்க முடியாது.