சரசு அக்காவின் பித்தக்குழாய்

திங்கள், மார்ச் 10
காலையிலிருந்து மழை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வரும் ரயில் தாமதம். ஆபரேஷன்: பித்தப்பை ஒன்று, குடலிறக்கம் இரண்டு.

பித்தப்பை, சரசு அக்கா, வயது 46, பள்ளிக் கேண்டீனில் சமையல். எல். (எங்கள் ஸ்பெஷலிஸ்ட்) கருவியை என்னிடம் நீட்டினார். "இன்னைக்கு நீ செய். நான் பக்கத்துல இருக்கேன்."

விதி ஒன்றுதான். பித்தப்பைக்குள் போவது ஒரு குழாய், ஒரு ரத்தநாளம், வேறெதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். ஒரே வீக்கம், கொழுப்பு.

"ரெண்டும் தெரியுதா?"

"தெரியுது டாக்டர்."

கிளிப். வெட்டு. "போலே லா" என்றார் எல். மலாயில் 'பரவாயில்லை'. அவர் பாராட்டு அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன்.

வெள்ளி, 14
வெயில் கொளுத்துகிறது. கிளினிக்கில் உட்கார இடமில்லாத கூட்டம்.

சரசு அக்கா தையல் காட்ட வந்தார். நர்ஸ் ஐடா என் காதில், "முக்கா டியா கூனிங் லா, டாக்டர்." முகம் மஞ்சளாம். சிரித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துக் குளிப்பது எங்கள் பெண்களின் வழக்கம் என்று மலாயில் விளக்கினேன். அக்காவையும் கேட்டேன்.

"ஆமா டாக்டர், கோயிலுக்குப் போய்ட்டு நேரா வரேன். ஆனா உடம்பெல்லாம் ஒரே அரிப்பு."

"ஒத்துக்கல போல. கொஞ்ச நாளைக்கு மஞ்சள் வேணாங்க்கா."

க்ரீம் எழுதிக் கொடுத்தேன். ஐடாவுக்குப் பாடம் நடத்திய பெருமை வேறு.

வாங்க வேண்டியவை: சலவைத்தூள், காலுறை, அம்மா பிறந்தநாளுக்கு ஏதாவது.

திங்கள், 17
சரசு அக்கா திரும்ப வந்துவிட்டார். மூன்று நாளாக மஞ்சளைத் தொடவே இல்லையாம். கண் வெள்ளை முழுக்க மஞ்சள். சிறுநீர் பால் விடாத கோப்பி-ஓ நிறம்.

பூசிய மஞ்சள் கண்ணுக்குள் போகாது. வெள்ளிக்கிழமை இமையை இழுத்துப் பார்த்திருந்தால் காமாலை என்று தெரிந்திருக்கும். ஒரு விரல் வேலை. பார்க்கவில்லை.

ஐடா ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து நீட்டினார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

செவ்வாய், 18
ஸ்கேன் வந்தது. கல்லீரலிலிருந்து இறங்கும் பெரிய குழாய் பாதி வழியில் நிற்கிறது. நிற்கும் இடத்தில் என் கிளிப்.

எல்லும் நானும் ஆபரேஷன் வீடியோவைப் பார்த்தோம். பித்தப்பையின் கழுத்தைப் பக்கவாட்டில் இழுக்காமல் மேலே தூக்கிப் பிடித்திருக்கிறேன். அப்படித் தூக்கினால் பித்தப்பைக்குப் போகும் சின்னக் குழாயும் பெரிய குழாயும் ஒரே கோட்டில் வந்து ஒன்றாகத் தெரியும். பயிற்சி மாணவர்களுக்கு நானே இதைப் படம் வரைந்து காட்டியிருக்கிறேன்.

"நானும்தான் பார்த்துட்டு நின்னேன்," என்றார் எல். வீடியோவை நிறுத்திவிட்டு, "அவங்ககிட்ட நான் பேசுறேன். நீ வாயத் தொறக்காத."

 பயம். அக்காவுக்காக மட்டும்தான் என்று எழுத ஆசை. எனக்காகவும்தான்.

புதன், 19
தூறல். 11 மணிக்கு ஆம்புலன்ஸ், கல்லீரல் பிரிவு இருக்கும் வேறு ஆஸ்பத்திரிக்கு. குடலை மேலே இழுத்துக் குழாயோடு சேர்த்துத் தைப்பார்கள். சரியாக ஒட்ட வேண்டும்.

எல். அவசர ஆபரேஷனில் மாட்டிக்கொண்டார். அக்காவிடம் இதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் தப்புதான் டாக்டர். ஆபரேஷன் பண்ண உடம்புல மஞ்சள் பூசிட்டேன். நீங்க வேணாம்னு சொன்னப்பதான் புரிஞ்சுது. நீங்க நல்லா செஞ்ச வேலைய நான் கெடுத்துட்டேன்."

"இல்லக்கா."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

வாயைத் திறந்தேன். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளி ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திவிட்டார்கள்.