மூன்றாம் வாசிப்புக்கு முன்

திங்கட்கிழமை மாலை

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினரும் என் வீட்டுக்காரியுமான பெர்மெத்துக்கு, எசென்பெக் எழுதுகிறேன்.

நானும் ஜிப்பாரும் சுகம். பசுவும் சுகம். நாய்க்கு மட்டும் உன்மேல் கோபம். போன மாதம் நீ வந்து போனபோது அது மந்தையோடு மலையில் இருந்தது, உன்னைப் பார்க்கவில்லை. நீ கட்டாயம் வேளைக்குச் சாப்பிட மாட்டாய் என்று தெரியும். தலைநகர் பிஷ்கெக்குக்கு வேன் ஓட்டும் பாக்கித்திடம் இந்தக் கடிதத்தோடு ஒரு பை உலர்தயிர் உருண்டை கொடுத்தனுப்புகிறேன். குழுக் கூட்டத்தில் யாராவது நீளமாகப் பேசும்போது ஒன்றை வாயில் போட்டுக்கொள்.

புதன்கிழமை வண்டியில் வருகிறேன் என்று நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. இன்னும் பதில் போடவில்லை. போனில் பேசினால் உன் குரல் காதில் விழுந்ததும் நினைத்ததை விட்டுவிட்டு வேறு எதையோ சொல்லிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நான் கத்தியது தப்பு. ஆனால் என் இடத்தில் இருந்து கொஞ்சம் யோசித்துப் பார். வியாழக்கிழமை ஜிப்பாரைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறோம். ஒரே பெண். செவ்வாய்க்கிழமை நடக்க வேண்டிய உன் மசோதாவின் மூன்றாம் வாசிப்பை, அந்தக் கடைசி வாக்கெடுப்பை, வியாழக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று நீ சொன்னதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மற்ற உறுப்பினர்கள் செய்கிற மாதிரி வாக்கு அட்டையைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டு வா, அவர் உனக்கும் சேர்த்துப் பொத்தானை அமுக்கட்டும், ஊரோடு ஒத்து வாழ் என்றேன். நீ சட்டென்று, "பொண்ணோட சம்மதத்த வேற யாரும் சொல்லக் கூடாதுன்னு சட்டம் கொண்டு வர்றேன். என் சம்மதத்த மட்டும் இன்னொருத்தர் அமுக்கலாமா?" என்றாய். பெற்ற பெண்ணின் கல்யாணத்தில்கூட பிரிவும் உட்பிரிவும் பேசுகிறாளே என்று போனை வைத்துவிட்டேன். அப்புறம் உன் செய்தி வந்தது. வருகிறேன், அட்டையை யாருக்கும் தரவில்லை, ஒரு வாக்கு குறையும், மசோதா கவிழ்ந்தால் கவிழட்டும் என்று. படித்ததும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன், ரொம்பச் சந்தோஷப்பட்டேன்.

ஒரு மசோதாவுக்கு இத்தனை வாசிப்பு உண்டு என்று தேர்தலில் நிற்கும்போதே சொல்லியிருந்தால் உனக்கு எதிராகவே ஓட்டுப் போட்டிருப்பேன். முதல் வாசிப்பு முடிவதற்குள் ஆடுகளுக்குக் கத்தரிப்பு முடிந்தது. இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு பிரிவாக உட்கார்ந்து சண்டை போட்டீர்கள், இங்கே நானும் ஜிப்பாருமாக உருளைக்கிழங்கு தோண்டினோம். ஏற்கெனவே நிக்காஹ் முடிந்த பெண்ணும் ஆறு மாதத்துக்குள் பதிவாளரிடம் தனியாகப் போய்த் தன் சம்மதத்தைச் சொல்லலாம், மறுக்கவும் செய்யலாம் என்று ஒரு பிரிவைச் சேர்ப்பதற்காக நீ இன்னும் இரண்டு வாரம் அங்கேயே தங்கினாய். அந்தப் பிரிவை நான் திட்டாத திட்டில்லை. இது போதாதென்று அதிபரின் கையெழுத்து வேறு பாக்கி இருக்கிறதாம்.

நாடாளுமன்றம் கூடுகிற நாளில் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருப்பேன். நீ மூன்றாவது வரிசையில், அந்தப் பச்சைக் கோட்டில். கேமராக்காரன் முதல் வரிசையைக் காட்டுவான், இரண்டாவதைக் காட்டுவான், உன்னிடம் வரும்போது எவனோ ஒரு மந்திரியிடம் தாவிவிடுவான். அவனை நான் திட்டுகிற திட்டில் ஜிப்பார் காதைப் பொத்திக்கொள்கிறாள். வேலிக்கதவுக்கு எண்ணெய் போடச் சொல்லி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாய். போடவில்லை. அது கீச்சிடும்போதெல்லாம் நீதான் வந்துவிட்டாய் என்று ஒரு நொடி தோன்றும். அந்த ஒரு நொடியை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

சம்பந்தி வீட்டுச் சமாசாரம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உன் மசோதாமேல் மனத்தாங்கல். ஆடு பார்க்க வந்தவர், "அப்போ உங்க வீட்டம்மா கணக்குல நாங்க பொண்ணு திருடுற கூட்டமா, சம்பந்தி?" என்று கேட்டார். இந்த நிலைமையில் கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று வாயைத் திறந்தால் அவ்வளவுதான். உங்க பொண்ணுக்கே சம்மதம் இல்லையா என்பார்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

மேலத் தெருவில் ஐசிரெக் என்ற பெண்ணுக்குப் போன மாதம் நிக்காஹ் நடந்தது உனக்குத் தெரியும். நானும் போய்க் கறி தின்றுவிட்டு வந்தேன். வழக்கம்போல இரண்டு சாட்சிகள் அறை வாசலில் நின்று மூன்று தடவை கேட்டார்கள். உள்ளேயிருந்து "சம்மதம்" என்று குரல் வந்தது. அது அவள் அண்ணியின் குரல் என்று உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். பெண் வெட்கப்படுகிறாள் என்று சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். நம் ஊரில் எந்த மணப்பெண் தன் வாயால் சொல்லியிருக்கிறாள்?

நேற்று மத்தியானம் அந்தப் பெண் வீட்டுக்குள் போடுகிற செருப்போடு நம் உருளைக்கிழங்கு வயல் வழியாக ஓடிவந்தாள். முதலில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். கல் விழுந்த இடத்தில்தான் கிடக்க வேண்டும், கட்டிக்கொடுத்த பெண்ணும் அப்படித்தான் என்று சொல்லி அம்மா கதவைச் சாத்திவிட்டாளாம். என்னைப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டே, "மாமா, உங்க வீட்டம்மா சட்டம் வந்துடுச்சா?" என்று கேட்டாள். வியாழக்கிழமை என்றேன். "அது வரைக்கும் இங்க இருந்துக்கட்டுமா?" என்றாள். பெர்மெத், நான் மாட்டு டாக்டர். காலொடிந்த கன்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. உள்ளே போகச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் புருஷனின் அண்ணன் சமத் இரண்டு பேரோடு வந்தான். புருஷன் வரவில்லை. நீ வீடு வீடாகக் கொடுத்தாயே, அந்தச் சின்ன அரசியல் சாசனப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வீட்டுக்காரன் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் யாரும் ஒரு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று கண்ணாடி போட்டு வாசித்தேன். சமத் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெரியப்பா, அதெல்லாம் பிஷ்கெக்ல. இங்க மாடுதான் மேயுது" என்றான். கூட வந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஜிப்பார் உள்ளேயிருந்து போலீஸ்காரர் உலானுக்குப் போன் போட்டாள். வருகிறேன், ஆனால் பக்கத்து ஊரில் இருக்கிறேன் என்றாராம்.

சமத் வாசற்படியில் காலை வைத்தான். எனக்கு அவனோடு மல்லுக்கட்டுகிற வயதா? வேறு ஒன்றும் தோன்றவில்லை. அப்படியே வாசலுக்குக் குறுக்கே படுத்துவிட்டேன்.

ஆமாம், படுத்துவிட்டேன். கட்டிவைப்பதற்காகத் தூக்கி வந்த பெண் ஓடிவிடாமலிருக்க நம் ஊர்க் கிழவிகள் வாசலில் படுப்பார்களே, அதே மாதிரி, தொப்பியோடு. சமத்துக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "எழுந்திரிங்க பெரியப்பா! பாட்டிங்க வேலைய நீங்க எதுக்குப் பாக்குறீங்க?" என்றான். "வீட்டுல பாட்டி இல்லடா. பொண்டாட்டியும் இல்ல. இருக்குறவன்தான் படுக்கணும். தாண்டணும்னா தாண்டிக்கோ" என்றேன். மூத்தவரைத் தாண்டினவன் குடும்பம் விளங்காது என்று அவன் தாய்ப்பாலோடு குடித்தவன். காலைத் தூக்கினான், கீழே வைத்தான், மறுபடி தூக்கினான். இதற்கிடையில் நாய் வந்து என் முகத்தை நக்கியது. சொல்லி வைத்த மாதிரி அந்த நேரத்தில்தான் சம்பந்தி அம்மா ரொட்டி கொடுக்க வந்து வேலிக்கதவைத் திறந்தாள்.

உலான் வந்த பிறகுதான் எழுந்தேன். உள்ளே நுழைந்தால் அது குற்றம், தூக்கி உள்ளே போடுவேன் என்று சமத்திடம் சொன்னார். நல்ல மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டாக்டர், வீட்டுக்குள்ள வராம தடுக்க எனக்குச் சட்டம் இருக்கு. அவ திரும்பிப் போகணுமா வேண்டாமான்னு அவளையே கேக்க எனக்கு ஒரு சட்டமும் இல்ல" என்றார். சமத் போகும்போது, உங்க பொண்டாட்டி மசோதா தோற்ற மறுநாள் வருகிறோம், எத்தனை நாள் படுப்பீர்கள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். இன்று காலையிலிருந்து ஊர் முழுக்க எனக்குப் பெயர் பாட்டி. தேநீர்க்கடையில், "பாட்டிக்கு ஒரு டீ போடு" என்கிறார்கள். இருக்கட்டும். முதுகுதான் பிடித்துக்கொண்டது. தினம் படுக்க என்னால் முடியாது, பெர்மெத்.

ஐசிரெக் ஜிப்பாரின் அறையில் இருக்கிறாள். சீர் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மெத்தைக்கு ஓரம் தைத்துக் கொடுக்கிறாள். பேச்சு குறைவு. நீ சண்டை போட்டுச் சேர்த்த அந்தப் பிரிவை ஜிப்பார் அவளுக்கு வாசித்துக் காட்டினாள். மறுபடி வாசி, மறுபடி வாசி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நம் பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்று காலை சம்பந்தி வீட்டுக்குத் தானே போய், நிக்காஹ்வின்போது அறைக்கதவு திறந்திருக்க வேண்டும், இமாம் என்னை நேராகக் கேட்க வேண்டும், அண்ணிமார் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தாள். சம்பந்தி முகம் சுண்டிப்போயிற்றாம். மாப்பிள்ளை எர்லான், "எனக்கும் அவ வாயாலதான் கேக்கணும்ப்பா" என்றானாம். பிழைக்கத் தெரிந்த பையன்.

தாய் பாடி அனுப்பும் பாட்டை உனக்குப் பதிலாக உன் தங்கை பாடட்டுமா என்று அவளைக் கேட்டேன். வேண்டாம் என்றாள். அம்மா பாட்டை அம்மாதான் பாட வேண்டும், எப்போது வந்தாலும் என் புருஷன் வீட்டு முற்றத்தில் வந்து பாடட்டும் என்றாள். சொல்லும்போது அழவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகையால், பெர்மெத், புதன்கிழமை வண்டி ஏறாதே. இதை எழுத எனக்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. வாசலில் நம் பெண்ணை ஏற்றிவிடும்போது என் பக்கத்தில் இடம் காலியாக இருக்கும். யார் வந்து நின்றாலும் தள்ளி நிற்கச் சொல்வேன். இரவு எல்லோரும் போன பிறகு இந்த வீட்டில் நானும் பயந்துபோன ஒரு பெண்ணும் மட்டும் இருப்போம். நீ வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்காமலிருக்க என்னால் முடியாது. இருந்தாலும் வராதே. உன் இருக்கையில் உட்கார். உன் விரலாலேயே அமுக்கு. உன் கை நடுங்காமல் இருக்கட்டும், உன் பக்கம் எண்ணிக்கை குறையாமல் இருக்கட்டும், கையெழுத்துப் போடுகிறவருக்கு நல்ல புத்தி இருக்கட்டும்.

வியாழக்கிழமை நம் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் தாங்களே பதில் சொல்லப்போகிறார்கள், ஜிப்பார் இங்கே வாயால், நீ அங்கே விரலால். எனக்கு அது போதும். போதாது. ஆனாலும் போதும் என்றே எழுதுகிறேன், நீ அப்படியே படித்துக்கொள்.

உன்,
எசென்பெக்