சனிக்கிழமைச் சீட்டு

ராஜகீழ்ப்பாக்கம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள ஷ்யாமுக்கு,

சுப்ரஜா எழுதுகிறேன். நானும் உங்கள் அப்பாவும் நம் அனுவும் சௌக்கியமாக இருக்கிறோம். ஹைதராபாத்தில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்குக் கிளம்ப வேண்டாம்.

இங்கே விட்டு விட்டு மழை. கேம்ப் ரோட்டில் தண்ணீர் நின்று, பஸ் ஊர்ந்து போகிறது. தாம்பரத்தில் ரயிலைப் பிடித்து, குரோம்பேட்டையில் இறங்கிப் பள்ளிக்குள் நுழைவதற்குள் புடவை முழங்கால் வரை நனைந்துவிடுகிறது. அனுவுக்குக் கணக்கில் மறுபடி மார்க் குறைந்திருக்கிறது. நீங்கள் வந்தால் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று எனக்குச் சமாதானம் சொல்கிறாள்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. நீங்கள் கேட்டிருந்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதுதான். ஒரு வருடமாக எதையும் தொடவில்லை, போனில் ரம்மி ஆடும் அந்த ஆப்களையும் சட்டம் போட்டு மூடிவிட்டார்கள், இனி ஊருக்கு வந்தால் சனிக்கிழமைகளில் அப்பாவோடு உட்கார்ந்து சில்லறைக்கு ஆடலாமா, எல்லா மனிதர்களையும் போல அளவோடு ஆடினால் தப்பா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பட்டன் போனில் கேட்டிருந்தால் அவசரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். எழுதிக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

கடிதத்தை அப்பாவிடமும் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. போன வாரம் சனிக்கிழமை, மதியம் சாப்பிட்ட பிறகு, ஜன்னலோரம் நின்று படித்தார். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, சீட்டாட்டத்துக்கு மேஜையை இழுத்துப் போட்டார்.

அப்பாவின் ஆட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆளுக்கு இவ்வளவு சில்லறை என்று முதலிலேயே பிரித்துவிடுவார். தீர்ந்தவர் சீட்டை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டும். கைமாற்று கிடையாது. விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லோரும் எழுந்துவிட வேண்டும். ஜெயவேலு சார் நிலத்தை விற்று, அது மனையாகி, அதில் ஒன்றில் அப்பா வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து இவர்கள் இரண்டு பேரும் ஆடுகிறார்கள். ஒரு நாளும் இந்தக் கட்டுப்பாடு தவறியதில்லை என்பதில் அப்பாவுக்கு எவ்வளவு பெருமை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேடவாக்கத்தில் வீடு வாங்க வைத்திருந்த பணமெல்லாம் உங்கள் ஆட்டத்தில் போனபோது, ஆட்டத்தில் தப்பில்லை, ஆடுகிறவனுக்குத்தான் புத்தி வேண்டும் என்று வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நீங்கள் அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அவர் மேல் இருந்த வருத்தம் அதனால்தான். நான் அதைக் காட்டிக்கொண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் தொடர்ந்து தோற்றார். எதிரே சில்லறை தீர்ந்துவிட்டது. வழக்கமாக நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சிரிப்பார். அன்று அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, மாட்டியிருக்கும் சட்டையிலிருந்து பர்ஸை எடுத்து வரச் சொன்னார். நான் எடுத்தேன். கூடம் வரை வந்தேன். கொடுக்கக் கை வரவில்லை.

நேரமாகிவிட்டது அப்பா, விளக்கேற்ற வேண்டும் என்றேன்.

"ஒரே ஒரு ஆட்டம்மா. முடிச்சுண்டு எழுந்துடறேன்" என்றார்.

ஷ்யாம், நீங்கள் போனோடு உள்ளே இருக்க, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று இந்த வார்த்தையை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். அதே குரல். உங்கள் குரலும் அப்பா குரலும் ஒன்றுபோல இருக்கும் என்று கல்யாணமான புதிதில் எல்லோரும் சொல்வார்கள். அன்றுதான் அது எனக்குக் காதில் விழுந்தது. பர்ஸோடு நின்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. என் வீட்டில் என் பணத்தை எடுக்க நான் யாரைக் கேட்க வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். இத்தனை வருடத்தில் என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை.

ஜெயவேலு சார்தான் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னா சார், ரூலு போட்டதே நீங்கதான? அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? போதும், எந்திரிங்க. நான் வூட்டுக்குப் போறேன்" என்றார். கோபமில்லாமல், மெதுவாகத்தான் சொன்னார். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள்.

அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நான் காபி கலக்கும்போது சமையலறை வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு ஏதோ பேசினேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"மனசுக்குத் தெரியறதும்மா, எழுந்துக்கணும்னு. உடம்பு எழுந்துக்க மாட்டேங்கறது. ஷ்யாமுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?" என்று கேட்டார்.

தம்ளரை அவர் கையில் கொடுத்தேன். அங்கேயே நின்று குடித்தார்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டு, அவரோடு தாம்பரத்துக்குப் போனேன். ஆட்டத்தை விடுவதற்காக நீங்கள் கவுன்சலிங் போன அதே சாராள் மேடத்தைத்தான் பார்த்தோம். குடும்பத்தோடு வாருங்கள் என்று அவர்கள் அப்போது கூப்பிட்டபோது, எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்ட மனிதர், இந்தத் தடவை தானே ஆட்டோ பிடித்தார். தனக்கும் இந்த வியாதியா என்று நேராகவே கேட்டுவிட்டார். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றுகிறதா, வீட்டில் மறைக்கிறீர்களா, நிறுத்தச் சொன்னால் கோபம் வருகிறதா என்று அவர்கள் கேட்டார்கள். மறைத்ததில்லை, ஆனால் மற்ற இரண்டும் அன்றைக்கு இருந்தன என்று ஒப்புக்கொண்டார். அவர் ஆடலாம், மனசு சரியில்லாத நாளில் மட்டும் உட்காரக் கூடாது, நிறுத்தச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்றார்கள்.

உங்களைப் பற்றி நான் கேட்டேன். அளவு என்பது ஆளுக்கு ஆள் ஒன்றில்லை, சிலருக்குச் சில்லறையிலேயே நின்றுவிடும், சிலருக்கு அந்தச் சில்லறைதான் வாசல் என்றார்கள். ஷ்யாம் எந்தப் பக்கம் என்பது ஷ்யாமுக்கே தெரியும், அவரையே கேளுங்கள், ஆனால் அவர் பதில் சொல்லும்போது கெஞ்சுகிற மாதிரி இருந்தால் நீங்களே புரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனசு வரவில்லை.

இனிமேல் சீட்டு நம் வீட்டில் கிடையாது. ஜெயவேலு சார் தன் வீட்டு மாடியில் இடம் கொடுத்திருக்கிறார். நேற்று அப்பா அங்கே போய், நேரத்தோடு திரும்பி வந்து, அனுவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேருமே கத்தினார்கள்.

உங்கள் சம்பளக் கணக்கும் ஏடிஎம் கார்டும் என்னிடம் இருப்பது உங்களுக்கு உறுத்துகிறது என்று தெரியும். எனக்கும் உறுத்துகிறது. உங்களுக்குக் காவல் இருக்க நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்றாவது அதை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று ஆசை. அது இந்தத் தடவை இல்லை. அதற்காக வருவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சார்மினார் எக்ஸ்பிரஸ் தாம்பரத்துக்கே வருகிறது. எந்த நாள் என்று மட்டும் எழுதுங்கள், நாங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறோம். அப்பாவும் வருகிறேன் என்கிறார். கடிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன். வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு என்னையே எழுதச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"என்னோட உட்காரணும்னா அவனுக்குச் சீட்டு வேண்டாம். சும்மா வந்து உட்காரச் சொல்லு."

வாருங்கள். பெருமாள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
சுப்ரஜா