அடைத்த கடப்பும் ஸனாவின் நாவலும்

என் கூடப்பிறந்த அன்பு ராத்தாவுக்கு,

மண்ணுக்குள் கப்றில் இருக்கும் உங்களுக்கு என் ஸலாம். என் சின்னவன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்கிறது. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் தூக்கம் வராது. உங்கள் மகள் ஸனாவைப் பற்றித்தான்.

உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள், மாஷா அல்லாஹ். உங்களுக்குப் பிறகு மச்சான் மறுகலியாணம் முடித்து அந்தப் பெண்ணின் ஊரோடு போன பிறகு அவள் என்னோடுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அறைக்கதவைச் சாத்திவிடுவாள். போனில் ஏதோ தொடர்கதை. பக்கத்துத் தெரு ரிஃப்கா வாசல் படலையடியில் நின்று கூப்பிட்டால், "நான் தூங்குறன் எண்டு சொல்லுங்க சாச்சி" என்று என்னை அனுப்புவாள். "எந்த நேரமும் தூங்குறதுக்கு அவ என்ன கைக்குழந்தையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் ரிஃப்கா.

அப்படி என்னதான் கதை என்று நானும் வாசித்தேன். பணக்காரப் பொடியன் ஒருவன் கதாநாயகியின் போனைப் பறித்து வைக்கிறான். சிநேகிதிகளைப் பார்க்கக் கூடாது என்கிறான். அவள் அழுகிறாள், பிறகு அவன் தோளிலேயே சாய்கிறாள். இன்னொன்றை எடுத்தேன். வேறு பெயர், அதே பொடியன், அதே பூட்டிய அறை. பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்களுக்குத் தனிமை ஏன் இவ்வளவு அழகாகத் தெரிகிறது, ராத்தா?

"அவன் ஆரோடயும் அவளக் கதைக்க விடமாட்டான் சாச்சி. அவ்வளவு விருப்பம்!" என்றாள் ஸனா.

இதே பேச்சை நம் தெருப் பெண்கள் உங்களைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். வாப்பா வீட்டு வளவை இரண்டாக்கி நமக்கு ஆளுக்கொரு வீடு கட்டித் தந்தபோது, தெருவில் இறங்காமல் போய்வர மதிலில் ஓர் ஆள் நுழையும் கடப்பு விட்டார். மச்சான் அதைக் கல் வைத்து அடைத்தார். "பொஞ்சாதி எனக்கு மட்டும்தான்" என்று சிரித்தார். "குடுத்து வெச்சவ" என்றார்கள் எல்லாரும். பிறகு மதிலுக்கு மேலால் கதைப்பதும் நின்றது. உங்களுக்குக் காய்ச்சல் முற்றிய செய்தி, கறிக்கு உப்புக் கேட்கும் தூரத்தில் இருந்த எனக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரியும். நீங்கள் திரும்பி வரவில்லை.

போனைப் பறிக்கக் கை போனது. பறித்தால் எனக்கும் அந்தப் பொடியனுக்கும் என்ன வித்தியாசம்? பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"இந்தக் கதையில இவளுக்குத் தொடக்கத்தில ஒரு தங்கச்சி இருந்தாளே, எங்க புள்ள?"

ஸனா மேலும் கீழும் தள்ளித் தேடினாள். "காணல்ல சாச்சி. பொறகு அவள எழுதவே இல்ல."

"அவ எங்கயும் போகல்ல. மதிலுக்கு இஞ்சாலப் பக்கம் நிக்கிறா. நான் நிண்ட மாதிரி."

அவள் ஜன்னலால் எட்டி, நிறம் மாறிய அந்தக் கற்களைப் பார்த்தாள். "உம்மாக்கு அதால வர ஏலாமப் போச்சா?"

ஓம் என்றேன். அவள் வாசிப்பதை விடவில்லை. ஆனால் அஸர் தொழுகைக்குப் பிறகு ரிஃப்கா கூப்பிட்டபோது, தானே எழும்பிப் படலைக்குப் போய், "இண்டைக்கு ஏலாது, நாளைக்கு வா" என்றாள். இப்போதைக்கு அவ்வளவுதான்.

பூட்டிக் கிடக்கும் உங்கள் வீடு பின்னாளில் அவளுக்குச் சீதனம். கல்லை எடுத்துக் கடப்பைத் திறக்க மேசனிடம் சொல்லிவிட்டேன். அதை மறுபடி அடைக்க நினைக்கிறவன் எவனும் இந்த வளவுக்குள் மாப்பிள்ளையாக வரமாட்டான், இன்ஷா அல்லாஹ். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கும்,
உங்கள் தங்கச்சி