கல்லை நக்கியது நீதான்

போதும். இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

அந்தக் கல் இப்போது என் சமையலறை யன்னலோரத்தில், தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கட்டைவிரல் அளவு, மண்ணிறம், ஒரு முனை கூர். நேற்று உன் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்குக் கிங்ஸ்பரியில் உன் வீட்டுக்கு வந்திருந்தேன். புறப்படும்போது உன் மனைவி அதைப் பேப்பர் துவாயில் சுற்றி என் கையில் வைத்தார்.

"அண்ணை, இது உங்கடை கல்லுத்தானே. நீங்களே வைச்சிருங்கோ."

என்னுடைய கல்லாம்.

நாம் இருவரும் படித்தது பாறைகளை. செய்த வேலையோ, கட்டடம் கட்டுகிறவர்களுக்காக லண்டன் நிலத்தைத் துளைத்துக் களிமண்ணைச் சோதிப்பது. அதனால்தான் ஊரெல்லாம் லீவுக்குக் கடற்கரை போக, நாம் அரிசோனாப் பாலைவனத்துக்குப் போனோம். சின்லி என்ற பாறைப் படிவைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது மாணவர் காலத்து ஆசை. திரியாசிக் காலத்தில், இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் இறுகிய பாறை அது.

கார் ஓட்டியது நான். வழி காட்டியது நீ. அதனால் ஒரே மாட்டுப் பண்ணைக்கு இரண்டு தரம் போய்ச் சேர்ந்தோம். இரண்டாம் தரம் பண்ணைக்காரர் சிரித்துவிட்டு, தன் நிலத்துக் குன்றுகளையே பார்க்கச் சொன்னார். விரும்பினால் ஒரு கல் எடுத்துப் போகலாம் என்றார்.

அந்தக் குன்றுகளை என்னால் மறக்க முடியாது. சிவப்பு, ஊதா, சாம்பல் என்று பட்டை பட்டையாக ஏறிக்கொண்டே போயின. மழையில் ஊதி வெயிலில் வெடித்த களிமண் காலடியில் பொரிபோல நொறுங்கியது. நீ இடுப்பில் கை வைத்து நின்று தீர்ப்புச் சொன்னாய்.

"அண்டைக்கும் இது பாலைவனம்தான் மச்சான். சிவப்பைப் பார்."

"சிவப்பு, தண்ணி வடிஞ்சு இரும்பு துருப்பிடிச்ச மண். சாம்பல் பட்டையைப் பார். அது தண்ணி நிண்ட இடம்."

"தண்ணியோ? அப்ப மீனைக் காட்டு பாப்பம்."

சொல்லிக்கொண்டே அந்தச் சாம்பல் பட்டையிலிருந்து இந்தக் கல்லைப் பொறுக்கினாய். எலும்பா, வெறும் கல்லா என்று சந்தேகம் வந்தால் நம் ஆட்கள் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். பழைய எலும்பு ஒட்டும், வெறும் கல் ஒட்டாது. நீ நன்றாகவே வைத்துப் பார்த்தாய்.

"ஒட்டுது. எலும்பு மச்சான்."

நான் வாங்கி உருப்பெருக்கும் வில்லையால் பார்த்தேன். உள்ளே கறுப்பாக மினுங்கும் சின்னச் சின்னச் செதில்கள்.

"நீ கேட்ட மீன் இதுக்குள்ளை இருக்கு மச்சான். ஆனா திண்டது வேறை ஆள்."

உனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஏதோ ஒரு முதலை மாதிரியான பிராணி மீனைத் தின்று கழித்த மலம்தான் அந்தப் பாலைவனத்தில் கல்லாகிக் கிடந்தது. எங்களிடமிருந்த குடிதண்ணீர் முழுவதையும் வாய் கொப்பளித்தே முடித்தாய். பிறகு என் கையைப் பிடித்தாய்.

"சத்தியமா இதை லண்டனிலை ஒருத்தருக்கும் சொல்லாதை."

நான் சொல்லவில்லை. நீதான் சொன்னாய். திரும்பி வந்த கிழமையே, ஈலிங்கில் ஒரு கலியாண வீட்டில். உன் கதையில் நக்கியவன் நான். அதையாவது மன்னித்திருப்பேன், "திண்டது வேறை ஆள்" என்ற என் பகிடியையும் உன்னுடையதாக்கிக்கொண்டாய். கொடுத்த வாக்கு என் வாயைக் கட்டிப்போட்டது உனக்குத் தெரியும். என் மகளின் கலியாண மேடையில்கூட மைக்கைப் பிடித்துச் சொன்னாய். சம்பந்தி வீட்டார் இன்றும் என் நாக்கைத்தான் பார்க்கிறார்கள்.

நேற்றும் அதே கதை எழும்பியது. உன் மைத்துனன் வடையை வைத்துவிட்டுக் கேட்டான்.

"உண்மையோ அண்ணை? என்ன ருசி?"

எல்லோரும் திரும்பினார்கள். நீ இல்லை, இனி என்னைக் கட்டும் வாக்கும் இல்லை என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் உன் மனைவியைக் கண்டேன். செத்த வீட்டு நாளிலிருந்து சிரிப்பையே மறந்திருந்த மனுசி, பாயசக் கரண்டியோடு கதவு நிலையில் சாய்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்.

"உப்புக் காணாது," என்றேன்.

அவர் கதிரையொன்றில் அமர்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். உன் பொய்யை இப்படி என் வாயாலேயே உறுதிப்படுத்திவிட்டு வீடு வந்தேன்.

இன்றும் துளையிலிருந்து சாம்பல் களிமண் ஏறி வந்தால் "மீனைக் காட்டு பாப்பம்" என்று உன் குரல் கேட்கிறது. காட்டுவதற்கு என்னிடம் மீன் இருக்கிறது. கேட்டவனைத்தான் காணவில்லை.

சபையில் சொல்லியிருந்தால் நீ பொய்யனாகியிருப்பாய். அதனால் உன் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். உன் மனைவிதான் பிரிப்பார். நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் உன்னை நினைத்துப் பார்ப்பார். உடனே எனக்குப் போன் வரும். "அண்ணை, இது நீங்கள் எழுதினதோ?" எனக்கு ஒன்றும் தெரியாது தங்கச்சி என்பேன். அந்தக் குன்றடியில் நின்றது இரண்டே பேர். நான் சொல்வதை அவர் நம்பப்போவதில்லை. இன்னொரு தரம் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும். பெயர் போடாமலே தபாலில் போடுகிறேன்.