இரண்டு குரோஸ், ஒரு டஜன்

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. உங்கள் மகளுக்கு ஆறுதலாக நாலு வரி எழுதி, உறையை ஒட்ட மைதாப் பசை காய்ச்சினேன். அந்த வாடை என்னைச் சாத்தூருக்குப் பக்கத்தில் உங்கள் ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தியது. பிள்ளைகள் எல்லோர் விரலிலும் அதே வாடைதான். விடியலில் வீட்டில் தீப்பெட்டி ஒட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மதுரைக் கல்லூரியில் நான் ஆராய்ச்சி மாணவன். கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஏன் கணக்கு வரவில்லை என்பது என் தலைப்பு. வரவில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டுதான், பிள்ளைகளுக்கு வைக்க ஒரு பரீட்சையும் தயாரித்து பஸ் ஏறினேன். "வினாத்தாளைக் குடுங்க சார், ஒருக்கா பாத்துத் தாரேன்" என்றீர்கள். வகுப்பாசிரியருக்குக் காட்டக் கூடாது என்று சட்டம் பேசினேன். திருத்தி முடித்ததும், உங்களை ஒரு வார்த்தை கேட்காமல், தேறாதவர் பட்டியலைப் பள்ளிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனேன். என்ன திமிர்!

இரண்டு வாரம் கழித்து வந்தபோது முன்வரிசையில் உட்காரும் செல்லத்தாய் இல்லை; என் பட்டியலில் அவள் பேரும் இருந்தது. நீங்கள் திட்டவில்லை. "அவ தாளைக் கொண்டாந்திருக்கீகளா?" என்று மட்டும் கேட்டீர்கள். எடுத்துக் கொடுத்தேன். பெட்டிக்கு இருபத்தைந்து மாம்பழம், பன்னிரண்டு பெட்டியில் எத்தனை என்பது கேள்வி. '2 குரோஸ் 1 டஜன்' என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் நான் சிவப்பு மையில் போட்ட சுழி.

"குரோஸுன்னா எம்புட்டுன்னு தெரியுமா சார்?"

தெரியாது என்றேன்.

"நூத்தி நாப்பத்தி நாலு. இவுக ஒட்டுற பெட்டியெல்லாம் கம்பெனிக்காரக குரோஸ் கணக்குலதான் எடுப்பாக. இப்பக் கூட்டிப் பாருங்க."

கூட்டினேன். முந்நூறு வந்தது. கூசிப்போனேன்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "கணக்கு ஏறாதுன்னு மதுரை சாரே எழுதி ஒட்டிட்டாக. பெறகு எதுக்கு டீச்சர் பள்ளிக்கூடம்? கம்பெனியில சேத்தாச்சு."

தப்பு என்னுடையது என்றேன். அவர் நம்பவில்லை. "நீங்க படிச்சவுக. தப்பாவா எழுதுவீக?"

செல்லத்தாய் திரும்பி வரவே இல்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் கேள்விகளை இருவரும் சேர்ந்தே எழுதினோம். நான் எழுதுவேன், நீங்கள் அடிப்பீர்கள். "மாம்பழம் எதுக்கு சார், இங்கன யாரு வாங்கித் திங்கிறாக?" என்பீர்கள். மற்றப் பிள்ளைகள் தேறினார்கள். பட்டியலையும் நானே கிழித்தேன்.

பிற்பாடு நான் போட்ட எந்த வினாத்தாளும் வகுப்பாசிரியர் பார்க்காமல் பிள்ளைகள் கைக்குப் போனதில்லை. ஓய்வுபெற்ற அன்று அதற்காகத்தான் மாலை போட்டுப் பாராட்டினார்கள். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று மேடையில் கேட்டார்கள். உங்கள் பேரைச் சொன்னேன், கைதட்டினார்கள். செல்லத்தாய் பேரைச் சொல்லவில்லை. அதற்கு இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை, டீச்சர்.