தூணில்லாத முகப்பு

1938 ஐப்பசி, புதன் இரவு

சாயங்காலம் படம் தொடங்கும் முன் மழை பிடித்துக்கொண்டது. செவ்வாய்ப்பேட்டை ஜனங்கள் தெருவில் நின்று நனைந்தார்கள். நான் கட்டிய புது டாக்கீஸின் கான்கிரீட் முகப்பு வாசலைத் தாண்டி நீண்டிருக்கிறது. தாங்கத் தூண் இல்லை என்பதால் ஒருவரும் அதனடியில் ஒதுங்கவில்லை. நான் மட்டும் நின்றேன்.

முதலாளி குடைக்குள் நின்றபடி, "ஒப்புக்காச்சும் ரெண்டு தூணு நிறுத்துங்க. இல்லீனா வேற மேஸ்திரிய வெச்சு நானே நிறுத்திக்கறேன்" என்றார். முடியாது என்றுவிட்டேன்.

பூக்காரி ஒருத்தி கூடையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். "பயமில்லையா?" என்றேன்.

"பூ நனையுதுங்க. உழுந்தா கட்டுன உங்க மேலயுந்தானுங்க உழுகும்."

பிறகு பூ வாங்க இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி முகப்பின் அடியில் வந்தார்கள்.

தூண் வைக்க நான் விடப்போவதில்லை. நாளைக்கும் மழை வரட்டும்.